வளைந்த எலும்பு முறிந்தால் என்ன செய்வார்கள்?

நேராக இருந்த கால் எலும்பு முறிந்தால் சத்திரசிகிச்சை டொக்டரின் இலக்கு தெளிவானது. துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். ஒட்டுகிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பழைய இடமே கோணல் என்றால்? சிறுவயதுப் போலியோவால் மெலிந்த கால், எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டிப்போன கால், பிறவியிலிருந்தே வில்லாக வளைந்த கால் எல்லாம் இருக்கின்றனவே. அப்படியொரு எலும்பு முறியும்போது வெளியே உலோகப் பிளேட் வைப்பதா, உள்ளே கம்பி இறக்குவதா என்று யோசிப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: பழைய வளைவை அப்படியே விடுவதா, முறிந்த சாட்டில் அதையும் நிமிர்த்திவிடுவதா? மற்றதெல்லாம் இந்த முடிவுக்குப் பின்னால்தான் வரும். நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் கேட்கத் தவறுவதும் இதைத்தான்.

கொழும்பில் இப்படியான கால்கள் அபூர்வம் இல்லை. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993 இல். அப்படியானால் போலியோவால் கால் மெலிந்தவர்களில் இளையவர்கள்கூட இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் எலும்பு இயல்பாகவே தேயத் தொடங்கும் வயதில் இருக்கிறார்கள். யுத்தகாலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் காலில் காயப்பட்டு, அன்றைக்குக் கிடைத்த சிகிச்சையோடு எலும்பு எப்படியோ ஒட்டிக்கொள்ள, பிறகு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். விற்றமின் டி குறைபாட்டாலோ, சிறுநீரகம் பொஸ்பேற்றைப் பிடித்துவைக்காத பரம்பரைக் கோளாறாலோ குழந்தைப் பருவத்தில் கால் வளைந்தவர்களும் உண்டு.

முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப்போட்டு ஒட்டிய கால்களையும் சேர்க்க வேண்டும். அந்த வைத்தியத்தை இங்கே குறை சொல்ல வரவில்லை. விலகாத சிறு முறிவு எந்தக் கட்டுக்குள் அசையாமல் இருந்தாலும் ஒட்டத்தான் செய்யும். தொடையெலும்பு வேறு விடயம். தொடைத் தசைகள் மிகப் பலமானவை. முறிந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இழுத்துவிடும். வளர்ந்த ஒருவரில் இந்த இழுவையை வெளியிலிருந்து சுற்றும் கட்டால் தடுக்க முடியாது. அது எண்ணெய்க் கட்டாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி பிளாஸ்டராக இருந்தாலும் சரி. கால் குட்டையாகவும் கோணலாகவும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் வலி போய்விடுவதால், நடக்கிறேனே, போதும் என்று மனம் ஆறிவிடுகிறது. வருடங்கள் கழித்து அதே கால் மறுபடி முறியும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது.

வளைவில் ஏன் முறிகிறது

நிற்கும்போது உடம்பின் பாரம் காலுக்குள் ஒரு நேர்கோட்டில் இறங்குகிறது. இடுப்பு மூட்டுப் பந்தின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தால், ஒழுங்கான காலில் அது முழங்காலின் நடுப்புள்ளிக்குச் சற்று உட்பக்கமாகப் போகும். டொக்டர்மார் இதைப் பாரக்கோடு என்ற கருத்தில் பேசுவார்கள். தொடையெலும்போ கணைக்கால் எலும்போ வளைந்திருந்தால் கோடு நேராகவே இருக்கும், எலும்புதான் அதைவிட்டு விலகி நிற்கும். விலகல் எவ்வளவோ அவ்வளவுக்கு, ஒவ்வோர் அடியிலும் எலும்பு இன்னும் வளையப் பார்க்கிறது.

ஒரு பச்சை முருங்கைக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும், பிளவு வெளிப்பக்கத்திலிருந்தே தொடங்கும். எலும்பும் நசுக்கலைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. அதனால் வளைந்த எலும்பின் வெளிப்பக்கத்தில் முதலில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு வரலாம். அப்போது நடந்தால் வலிக்கும், இருந்தால் குறையும். வாதம், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே வாரக்கணக்கில் ஓட்டிவிடுவோம். பிறகு ஒருநாள் பஸ் படியில் கால் வைக்கும்போது முழுதாக முறியும். விழுந்ததால் முறிந்தது என்று சொல்வார்கள். பல நேரம் முறிந்ததால்தான் விழுந்திருப்பார்.

இங்கே ஒரு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற் போன்ற மாத்திரைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்கு, தொடையெலும்பின் வெளிப்பக்கத்தில் இதே மாதிரி வெடிப்பு வருகிறது. ஆசிய நாட்டவரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தொடையெலும்பு வளைந்திருப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அது தடுக்கும் இடுப்பு முறிவுகளும் முள்ளந்தண்டு முறிவுகளும் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் இந்த மாத்திரையை வருடக்கணக்கில் எடுக்கிற ஒருவருக்குத் தொடையிலோ கவட்டிலோ விடாத வலி வந்தால், முழுத் தொடையெலும்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு காலில் வெடிப்பு இருந்தால் மற்றக் காலையும் பார்க்க வேண்டும். முழுதாக முறியுமுன் கண்டுபிடித்துவிட்டால் உள்ளே கம்பி வைத்துத் தடுத்துவிடலாம். முறிந்தபின் செய்வதைவிட அது எவ்வளவோ லேசான வேலை.

கடையில் உள்ள கம்பி ஏன் பொருந்தாது

இன்றைக்குத் தொடையெலும்பின் நடுப்பகுதி முறிந்தால், எலும்பின் உள்ளே மச்சை இருக்கும் குழிக்குள் நீளமான உலோகக் கம்பியை இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவதுதான் வழமை. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற சத்திரசிகிச்சை டொக்டர் 1939 இல் இதைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரிடம் சிறைப்பட்டிருந்த நேச நாட்டுச் சிப்பாய்கள் ஊர் திரும்பியபோது, அவர்களின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் கிடந்த நீளக் கம்பியைக் கண்டு அங்குள்ள டொக்டர்மார் திகைத்தார்கள். மாதக்கணக்கில் எடை தொங்கவிட்டுப் படுக்கையில் கிடத்திய காலத்தில், இந்த நோயாளிகள் சில வாரங்களில் எழுந்து நடந்தார்கள்.

நல்ல தொடையெலும்புகூட முழு நேரானது இல்லை. முன்பக்கமாக மெல்லிய வளைவு ஒன்று இயல்பாகவே உண்டு. அந்த வளைவைப் பெரியதொரு வட்டத்தின் துண்டாக நினைத்தால், அமெரிக்காவில் அளந்து பார்த்த எலும்புகளில் வட்டத்தின் ஆரம் சராசரியாக 120 சென்ரிமீற்றர். அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த கம்பிகளின் ஆரமோ 186 முதல் 300 சென்ரிமீற்றர் வரை. ஆரம் கூடக்கூட வளைவு குறைவு. அதாவது கம்பிகள் எலும்பைவிட நேராக இருந்தன. சாதாரண எலும்பிலேயே கம்பியின் நுனி முழங்காலுக்கு மேலே முன்சுவரில் போய் இடிக்கும் ஆபத்து இருந்தது. பின்னர் வந்த கம்பிகளுக்குக் கூடுதல் வளைவு கொடுத்தார்கள். இதுவே உண்மையாக வளைந்த எலும்பென்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தள்ளினால் சுவரைத் துளைக்கும். இன்னும் தள்ளினால் முறியாத இடத்தில் புதிதாக முறியும். அல்லது கம்பி வென்று எலும்பு தோற்கும்: எலும்பு வலுக்கட்டாயமாக நிமிர, முறிவின் ஒரு பக்கம் வாய் பிளந்துபோய் ஒட்டாமல் கிடக்கும்.

குழி திறந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முன்பு கோணலாக ஒட்டிய இடத்தில் மச்சைக் குழியைக் கல் மாதிரியான எலும்பு அடைத்திருக்கலாம். அதைத் துளைத்து வழி எடுக்கும்போது சூடு ஏறும். எலும்பு ஏறக்குறைய 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அங்குள்ள உயிரணுக்கள் பாதிக்கப்படத் தொடங்கும். ஆகவே கூரான துளைகருவியால், மெதுவாக, விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போலியோக் காலில் பிரச்சினை வேறு விதம். எலும்பே மெல்லியது, குழி அதைவிட மெல்லியது. வழமையான அளவுக் கம்பி உள்ளே போகாது.

பிளேட் என்றால் இந்தத் தொல்லை குறைவு. எலும்புக்கு வெளியே வைப்பதால், வளைவுக்கு ஏற்றபடி பிளேட்டை மேசையிலேயே வளைத்துக்கொள்ளலாம். தலைப்பகுதி பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூக்கள் வந்தபின் மெலிந்த எலும்பிலும் பிடி கிடைக்கிறது. ஆனால் பாரக்கோடு இன்னும் விலகியே இருக்கிறது அல்லவா? எலும்பை முறித்த அதே வளைப்பு இப்போது பிளேட்டின் மேல் விழும். எலும்பு ஒட்டுமுன் பிளேட் களைத்து முறிந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். பிளேட் முடியும் இடத்தில் புதிதாக முறிவதும் உண்டு. அதனால் வளைந்த எலும்புக்குப் பிளேட் வைப்பவர்கள் நீளமானதை வைத்து எலும்பின் பெரும்பகுதியை மூடிவிடப் பார்ப்பார்கள்.

நிமிர்த்துவதா, விடுவதா

திட்டம் போடுவதற்கு முறிந்த காலின் எக்ஸ்ரே மட்டும் போதாது. முறிந்த காலில் நின்று படம் எடுக்கவும் முடியாது. எனவே மற்றக் காலை, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே படத்தில் எடுத்து, அதைக் கண்ணாடி விம்பமாகத் திருப்பி, இந்த மனிதரின் கால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். இரண்டு காலுமே வளைந்தவருக்கு இந்த வழியும் இல்லை. பொதுவான கோண அளவுகளை வைத்துத்தான் போட வேண்டும். முன்பின் வளைவு, பக்க வளைவு, நீளம் ஆகிய மூன்றையும் எக்ஸ்ரேயில் அளந்துவிடலாம். எலும்பு முறுகியிருப்பதை எக்ஸ்ரே சரியாகக் காட்டாது. அதற்கு சிற்றி ஸ்கேன் வேண்டும். முன்பு எண்ணெய்த் தாளில் எலும்பின் உருவை வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, துண்டுகளைத் திருப்பிப் பொருத்திப் பார்ப்பார்கள். இப்போது கணினியில் செய்கிறார்கள். அந்தத் தாள் வேலை செய்து பழகிய டொக்டர் ஒருவர் கிடைத்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை கூடும், அது வேறு கதை.

வளைந்த எலும்பில் மேல் பாதியின் நடுவே ஒரு கோடும் கீழ்ப் பாதியின் நடுவே ஒரு கோடும் இழுத்தால் இரண்டும் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். கோணலின் உண்மையான மையம் அதுதான். அங்கே வெட்டித் திருப்பினால் எலும்பு சுத்தமாக நேராகும். வேறெங்காவது வெட்டித் திருப்பினால் கோணம் சரியாகி, எலும்பு பக்கவாட்டில் தள்ளிப்போய் நிற்கும். டிரோர் பேலி என்ற எலும்பு மருத்துவர் முறைப்படுத்திய இந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

இதன்படி பார்த்தால் முறிவு எங்கே விழுந்தது என்பதில் ஓர் அதிர்ஷ்டக் கணக்கு இருக்கிறது. வளைவின் மையத்திலேயே முறிந்திருந்தால் எலும்பு தன்னைத் தானே சரியான இடத்தில் வெட்டித் தந்துவிட்டது. தேவைப்பட்டால் ஓர் ஆப்பு வடிவத் துண்டை மட்டும் எடுத்து, நேராக்கி, கம்பி வைத்துவிடலாம். நோயாளிக்கு ஒரே மயக்கமருந்தில் இரண்டு காரியம். மையத்துக்குத் தூரத்தில் முறிந்திருந்தால் முறிவை ஒட்டவைக்க ஒன்று, கோணலைத் திருத்த ஒன்று என ஒரே எலும்பு இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும். நடுத்துண்டுக்கு இரத்த ஓட்டம் குறையலாம், இரண்டு இடமும் ஒட்ட வேண்டும். இளவயது, நல்ல உடல்நிலை என்றால் துணியலாம். எழுபது வயதில் நீரிழிவோடும் இதய நோயோடும் வந்தவருக்கு வளைவை அப்படியே விட்டு, பிளேட் வைத்து, சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பதே நல்ல வைத்தியம். இதை அரைகுறை வேலை என்று வீட்டார் கோபிப்பதுண்டு. அவசரமாகச் செய்த முழு வேலையைவிட யோசித்துச் செய்த இந்த அரை வேலை பல நேரம் மேலானது.

முதலில் முறிவை ஒட்டவைத்துவிட்டு, கோணலைப் பிறகு ஆறுதலாகப் பார்ப்பதும் ஒரு வழி. தொடையெலும்பு முறிந்தாலே ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் தொடைக்குள் இறங்கிவிடலாம். பல இடங்களில் அடிபட்டவருக்கு அன்றே நீண்ட சத்திரசிகிச்சை செய்வது ஆபத்து.

ஒரேயடியாக நிமிர்த்துவதற்கு ஓர் எல்லையும் உண்டு. எலும்பு சம்மதித்தாலும் நரம்பும் இரத்தக் குழாயும் சம்மதிக்க வேண்டும். வளைந்த காலோடு வருடக்கணக்காக வாழ்ந்த நரம்பு அந்த நீளத்துக்கே பழகியிருக்கும். உதாரணமாக, முழங்கால்கள் உட்பக்கம் ஒன்றையொன்று முட்டும் மாதிரி வளைந்த காலைத் திடீரென்று நேராக்கினால், முழங்காலின் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் போகும் நரம்பு இழுபட்டு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். இந்த எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தால் அவசரப்படாத வேறொரு கருவி இருக்கிறது.

சைபீரியாவிலிருந்து வந்த வளையம்

கவ்ரில் இலிசரோவ் என்ற டொக்டர் 1950களின் தொடக்கத்தில் சைபீரியாவின் குர்கான் நகரில் அந்தக் கருவியை உருவாக்கினார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் மெல்லிய கம்பிகள் தோலையும் எலும்பையும் ஊடுருவிப் போய் மறுபக்கம் வெளிவந்து இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். வளையங்களை இணைக்கும் தண்டுகளில் திருகாணிகள். எலும்பை வெட்டிச் சில நாள் விட்டு, பிறகு திருகாணியை நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீற்றர் திருப்ப வேண்டும். ஆக நாளுக்கு 1 மில்லிமீற்றர். இந்த வேகத்தில் இழுத்தால் இடைவெளியில் புது எலும்பு பிறக்கிறது. நரம்பும் தசையும் தோலும் கூடவே நீள்கின்றன. வேகம் கூடினால் எலும்பு உருவாகாது, குறைந்தால் நேரம் வருமுன்னே ஒட்டிவிடும். ஒரு பக்கத் திருகாணியை மட்டும் கூடுதலாகத் திருப்பினால் கோணல் மெல்ல மெல்ல நிமிரும்.

மேற்கு நாடுகளுக்கு இந்த முறை போய்ச் சேர்ந்த வழியே நம் விடயத்துக்கு நல்ல உதாரணம். கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறிக்கு பனிச்சறுக்கில் முறிந்த கால் ஒழுங்காகச் சேராமல், குட்டையாகி, பல வருடங்கள் வேதனை கொடுத்தது. நாணல் படகில் அத்திலாந்திக் கடலைக் கடந்த நோர்வேக்காரர் தோர் ஹெயர்டாலின் குழுவில் அவரும் இருந்தார். படகின் மருத்துவர் யூரி சென்கெவிச் என்ற ரஷ்யர். அவர் மூலம் 1980 இல் மௌரி குர்கானுக்குப் போய் இலிசரோவிடம் சிகிச்சை பெற்று நல்ல காலோடு திரும்பினார். இத்தாலிய டொக்டர்மார் அந்தக் காலைப் பார்த்து வியந்து, அடுத்த வருடமே இலிசரோவைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். பனிப்போர்க் காலத்தில் ஒரு கோணல் கால் செய்த வேலை இது.

வளையத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய காயத்தில் எலும்புக்குள் கிருமித்தொற்று இருந்தவர்களுக்கு உள்ளே நீளக் கம்பி இறக்கினால் ஒரு மூலையில் தூங்கும் கிருமி முழுக் குழிக்கும் பரவலாம். வளையம் பெரும்பாலும் வெளியே நிற்பதால் அந்தப் பயம் குறைவு. குண்டுக் காயமும் ஷெல் காயமும் பட்டுச் சீழ் வடிந்த வரலாறு உள்ளவர்கள், அது ஆறி இருபது வருடம் ஆகியிருந்தாலும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டியது இதனால்தான்.

பதிலுக்குக் கொடுக்க வேண்டியது பொறுமை. ஒரு சென்ரிமீற்றர் நீட்டினால் வளையம் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மாதம் காலில் இருக்கும். கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களில் தொற்று வருவது சாதாரணம், நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். கொழும்பு வெக்கையிலும் வியர்வையிலும் இது சின்ன வேலை இல்லை. காற்சட்டை போட முடியாது, சாரமோ பாவாடையோதான். தூக்கம் கெடும். வீட்டில் திருகாணி திருப்ப ஓர் ஆள் ஒழுங்காக இருக்கிறாரா என்பதையும் கேட்டுத்தான் டொக்டர் முடிவெடுப்பார்.

நேரான கால் எல்லாருக்கும் நல்ல கால் இல்லை

போலியோவால் தொடையின் முன்தசை செயலிழந்தவர் எப்படி நடக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சிலர் கையால் தொடையைப் பின்னுக்கு அழுத்துவார்கள். சிலருக்கு முழங்கால் இயல்பைவிடச் சற்றுப் பின்னுக்கு வளைந்து பூட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குக் கோணல்தான். ஆனால் முழங்காலை நிறுத்திவைக்கத் தசை இல்லாத இடத்தில் அந்தப் பின்வளைவுதான் காலைத் தாங்குகிறது. பாதம் சற்றுக் கீழ்நோக்கி நிற்பதும் சிலரில் அதே வேலையைச் செய்யும். இவருக்குத் தொடையெலும்பு முழங்காலுக்கு மேலே முறிந்து, எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியவேண்டும் என்று டொக்டர் முழு நேராக வைத்துவிட்டால், எலும்பு ஒட்டிய பிறகு முழங்கால் ஒவ்வோர் அடியிலும் மடங்கும். முறிவதற்கு முன் தனியே நடந்தவர் இப்போது கலிப்பர் எனும் காலைத் தாங்கும் சட்டம் இல்லாமல் எழும்ப முடியாது.

ஆகவே இப்படிப்பட்டவருக்கு இலக்கு, முறியுமுன் அவர் நடந்த நடையைத் திருப்பிக் கொடுப்பது. அதற்கு அவர் எப்படி நடந்தார் என்பது டொக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியோ வார்டில் படுத்த நிலையில் வந்து சேர்ந்தவர். அவர் நடந்து டொக்டர் பார்த்ததே இல்லை. கலியாண வீட்டு வீடியோவோ, போனில் பேரப்பிள்ளையோடு எடுத்த சின்ன வீடியோவோ, அவர் நடப்பது தெரிகிற எதுவும் அந்த நேரத்தில் ஸ்கேன் அளவுக்குப் பெறுமதியானது. இதை யாரும் கேட்கமாட்டார்கள், நாமாகத்தான் காட்ட வேண்டும்.

குட்டைக் காலுக்கும் இதே கதை. வித்தியாசம் 2 சென்ரிமீற்றருக்குள் என்றால் செருப்பை உயர்த்தியே சமாளித்துவிடலாம், அதற்காக எலும்பை நீட்டத் தேவையில்லை.

குழந்தைகளில் நிலைமை மாறுகிறது. எலும்பு நொய்மை நோயோடு பிறந்த பிள்ளைக்கு, லேசாகத் தட்டினாலே கால் முறியும். முறிந்து ஒட்டும்போது வளையும். வளைந்ததால் இன்னும் முறியும். இந்தச் சுற்றை உடைக்க வளைவை நிமிர்த்தியே ஆக வேண்டும். 1959 இல் சிகாகோவைச் சேர்ந்த ஹெரால்ட் சோஃபீல்டும் எட்வர்ட் மில்லரும், வளைந்த எலும்பைப் பல துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்து நேராக்கும் முறையை வெளியிட்டார்கள். பிள்ளை வளர, எலும்பு கம்பியைத் தாண்டி வளர்ந்து மறுபடி வளைந்ததால், ஒன்றுக்குள் ஒன்று போய்க் கூடவே நீளும் கம்பிகள் பின்னர் வந்தன. மொன்றியலில் உருவான ஃபாசியே-டுவால் கம்பி அந்த வகை.

கொழும்பில் நடைமுறைக்குச் சில

வளைந்த காலோடு இருப்பவர் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தால், 1990 இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்சை வரவழையுங்கள், கட்டணம் இல்லை. ஓட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம். வந்தவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, இந்தக் கால் முன்பே வளைந்தது, இந்த அளவு வளைவு பழையது, இது புதிது என்பதே. தெரியாமல் பழைய வளைவையும் முறிவு என்று எண்ணி நேராக்கப் பார்ப்பதைத் தவிர்க்க இது உதவும். பெரியாஸ்பத்திரி விபத்துச் சேவைப் பிரிவிலும் இதையே திரும்பச் சொல்லுங்கள். சிறுபிள்ளை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி.

பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, டிஸ்சார்ஜ் காட் எதையும் எறியாதீர்கள். உள்ளே பழைய பிளேட் இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு வகை ஸ்க்ரூவுக்கும் அதற்குரிய திருப்புளி வேண்டும். அது இல்லாமல் திறந்துவிட்டு, கழற்ற முடியாமல் தவிக்கும் சத்திரசிகிச்சைகள் உலகெங்கும் நடக்கின்றன. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ எடுக்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் வளைந்த எலும்புக்கு வேண்டிய விசேட கம்பியோ நீளப் பிளேட்டோ கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லும் நிலையும் வரலாம். 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரணப் பொருட்களுக்கே தட்டுப்பாடு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சத்திரசிகிச்சை சில நாள் தள்ளிப்போனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிறது, பாதம் குளிர்ந்து நிறம் மாறுகிறது, மருந்துக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் அது அவசரம். அவை இல்லாத, வளைந்த எலும்பின் முறிவில், திட்டம் போடவும் சரியான பொருளை எடுப்பிக்கவும் சில நாள் செலவழிப்பது நோயாளிக்கு நன்மைதான்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. பழைய வளைவை என்ன செய்யப் போகிறீர்கள், ஏன்? மற்றக் காலோடு ஒப்பிட்டால் நீளம் எவ்வளவு வித்தியாசப்படும்? எப்போதிலிருந்து காலில் பாரம் கொடுக்கலாம்? கடைசிக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் வீட்டை ஒழுங்குபடுத்த முடியும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்காரருக்கும் குந்தி இருக்கும் மலசலகூடம் மட்டும் உள்ளவருக்கும் அது சின்னக் கேள்வி இல்லை. வளைந்த எலும்பு ஒட்ட, நேரான எலும்பைவிடக் கூடுதல் காலம் எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு மேலும் போகலாம். அந்தக் காலத்தில் சிகரெட்டை விட வேண்டும், சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், விற்றமின் டி அளவைப் பார்த்துக் குறைவென்றால் நிரப்ப வேண்டும். படுத்தே கிடந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. ஆகவே பாரம் கொடுக்க முடியாத நாட்களிலும் பாதத்தை ஆட்டுவதும் தொடையை இறுக்கி விடுவதும் முதல்நாளிலிருந்தே தொடங்க வேண்டியவை.

உள்ளே வைத்த கம்பியையோ பிளேட்டையோ பிறகு எடுக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வளர்ந்தவர்களில் தொல்லை தராவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். அதிலும் வளைவைத் திருத்தாமல் விட்ட எலும்பென்றால், பாரத்தில் ஒரு பங்கை அந்த உலோகம் தொடர்ந்து சுமந்துகொண்டிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி நாமாக அவசரப்படுத்தத் தேவையில்லை.